வீட்டுக்கு எடுத்துப்போக முடியாத காகிதம்

புனேயிலிருந்து நாசிக் போகும் சாலையில் இருக்கிறது போசரி. ஊர்ப்பெயரோடு எம்.ஐ.டி.சி. என்றும் சேர்த்துச் சொன்னால்தான் ஷேர் ஆட்டோக்காரர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். லேத் பட்டறைகளும் வண்டி உதிரிபாகக் கம்பெனிகளும் நிறைந்த அந்தத் தொழிற்பேட்டையில்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1992-ல் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியது. இப்போது அதன் பெயர் மாறிவிட்டது. ஆனால் ‘நாரி’ என்ற பழைய ஆங்கிலச் சுருக்கம்தான் பலருக்கும் பழக்கம். மராத்தியில் நாரி என்றால் பெண். பெயர் அப்படி அமைந்தது தற்செயல்தான்.

இப்படி ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். கணவன் பட்டறைத் தொழிலாளி. ஒற்றை அறை வீடு. மாமியாரும் உடன் இருக்கிறார். எச்.ஐ.வி. பற்றிய ஆய்வு ஒன்றில் சேர அவள் சம்மதிக்கிறாள். ஊழியர் ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்குகிறார். அவளும் புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போடுகிறாள். விதிப்படி அந்தப் படிவத்தின் ஒரு பிரதி அவளுக்குச் சேர வேண்டும், கொடுத்துவிடுகிறார்கள். பல பக்கங்கள், மேலே நிறுவனத்தின் பெயர், உள்ளே பத்து இடத்தில் நோயின் பெயர். அதை அவள் எங்கே வைப்பாள்? அரிசி டப்பாவுக்கு அடியிலா, துணி அலமாரியில் புடவை மடிப்புக்குள்ளா?

அவளுடைய உரிமையைக் காப்பதற்காகப் பிறந்த காகிதம் அது. அவள் வீட்டில் அவளுக்கு எதிரான சாட்சியும் அதுதான். ஆய்வு நெறிமுறை பற்றிப் பேசும்போது பெரும்பாலும் நியூரம்பர்க்கில் தொடங்குவார்கள். நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்போடு 1947-ல் வந்த பத்து விதிகளில் முதலாவதே, மனிதர் தாமே விரும்பித் தரும் சம்மதம் இன்றியமையாதது என்பதுதான். 1964-ல் ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932-லிருந்து 1972 வரை கறுப்பின ஆண்களின் சிஃபிலிஸ் நோயைக் குணப்படுத்தாமலே வேடிக்கை பார்த்த ஆய்வு அம்பலமானதன் தொடர்ச்சியாக 1979-ல் பெல்மாண்ட் அறிக்கை வந்தது. வரலாறு முக்கியம்தான். ஆனால் அரிசி டப்பாக் கேள்விக்கு அங்கே விடை கிடையாது. அதற்கு நம் ஊர்க் கதைகளைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் கதை சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் சுனிதி சாலமன். எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டதா என்று பார்த்துவிடலாம் என்று அவர் சொல்ல, மாணவி நிர்மலா செல்லப்பன் அதையே தன் ஆய்வேடாக எடுத்துக்கொண்டார். பாலியல் தொழில் செய்த பெண்களை அடைத்துவைத்திருந்த காப்பகத்துக்குப் போய் ரத்தம் எடுத்தார். கையுறைகூட இல்லை. மாதிரிகளை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். 1986 பிப்ரவரியில், அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) ஆய்வகத்தில் எண்பது சொச்சம் மாதிரிகளில் ஆறு மஞ்சள் நிறமாக மாறின. நாட்டில் எச்.ஐ.வி. இருப்பதற்கான முதல் சான்று அதுதான். துணிச்சலான வேலை; அதனால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. நிர்மலாவே பிற்காலப் பேட்டியில் இதை மறைக்காமல் சொன்னார்: எய்ட்ஸ் என்றால் அவர்களுக்குப் புரிந்திருக்காது, பால்வினை நோய்க்கான வழக்கமான சோதனை என்றே நினைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று சொல்லிக் கடந்துவிடவும் முடியவில்லை. மனிதர்களிடம் ஆய்வு செய்வதற்கான நெறிமுறை அறிக்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-லேயே வெளியிட்டிருந்தது. நிர்மலாவைக் குற்றவாளியாக்குவது என் நோக்கம் அல்ல. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒருத்தியிடம் முழுவதையும் விளக்கிச் சொல்லி, “உனக்குச் சம்மதமா?” என்று கேட்டிருந்தாலும் அந்தச் “சரி”க்கு என்ன மதிப்பு? “முடியாது” என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. யாரிடம் ரத்தம் எளிதாகக் கிடைக்கிறதோ அவர்களிடமே எடுத்தோம். எளிதாகக் கிடைத்ததற்குக் காரணம் அவர்கள் அடைபட்டிருந்ததுதான்.

அந்தச் சோதனைகளின் பின்விளைவும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. தமிழ்நாட்டில் தொற்று இருந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்திலேயே வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர் நீதிமன்றம் போன பிறகுதான், 1990-ல், அவர்கள் வெளியே வந்தார்கள். கோவாவில் 1989-ல் டோமினிக் டிசோசாவுக்கு நடந்ததும் இதே வகை. ரத்ததானம் செய்யும் பழக்கமுள்ள இளைஞர். அவருக்குத் தெரியாமலே ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒருநாள் போலீஸ் வந்து அழைத்துப்போனது. கைவிடப்பட்ட காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாள் தனியாக அடைத்தார்கள். அனுமதி கேட்காமல் எடுத்த சில சொட்டு ரத்தம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

போசரி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேலையைத் தொடங்கியபோது இந்த நினைவுகள் ஆறியிருக்கவில்லை. புனேயின் பால்வினை நோய்ச் சிகிச்சை மையங்களுக்கு வந்தவர்களிடம் அவர்கள் நடத்திய ஆய்வு ஒன்று 1997-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. முதன்மை ஆசிரியர் ராமன் கங்காகேட்கர். கோவிட் காலத்தில் தொலைக்காட்சியில் நாம் தினமும் பார்த்தவர். சோதித்த பெண்கள் 916 பேர். பாலியல் தொழிலில் இருந்த 525 பேரில் பாதிப் பேருக்குத் தொற்று, அது எதிர்பார்த்ததுதான். மீதி 391 பேரில் 13.6 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்ததுதான் அதிர்ச்சி. அவர்களில் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். ‘ஆபத்தான பெண்கள்’ என்று ஒரு கூட்டத்தைத் தனியே பிரித்துக் காப்பகத்தில் அடைத்தால் போதும் என்ற நினைப்பு அந்த எண்ணில் உடைந்தது.

நெறிமுறைக் கணக்கும் அதோடு மாறியது. இனி ஆய்வாளர் பேச வேண்டியது குடும்பப் பெண்ணிடம். அவளுடைய பூட்டு வேறு மாதிரியானது. “அவரைக் கேட்டுச் சொல்றேன்” என்பதுதான் அவள் முதல் பதில். நெறிமுறையைப் பொறுத்தவரை இதில் குழப்பமே இல்லை: கணவனோ ஊர்ப் பெரியவரோ சரி என்றால் பேசத் தொடங்க வழி கிடைக்கலாம், ஆனால் அவளுடைய சம்மதத்துக்கு அது ஈடாகாது. நடைமுறையில் குழப்பம்தான். கணவனைக் கேட்க வேண்டுமென்றால் எதற்காக என்று சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

2005 பிப்ரவரி 7 அன்று, நாட்டின் முதல் எய்ட்ஸ் தடுப்பூசிப் பரிசோதனை போசரி நிறுவனத்தின் பொறுப்பில் புனேயில் தொடங்கியது. சியாட்டிலில் இருந்த ஒரு நிறுவனம் உருவாக்கிய ஊசி. மனிதருக்குத் தீங்கு செய்யாத வேறொரு வைரஸின் கூட்டுக்குள், இந்தியாவில் பரவலாக உள்ள எச்.ஐ.வி. ‘சி’ வகையின் சில மரபணுத் துண்டுகளை மட்டும் வைத்து அனுப்பும் உத்தி. துண்டுகள் மட்டுமே என்பதால் அதிலிருந்து நோய் வர வழியே இல்லை. 30 தன்னார்வலர்கள், எல்லோரும் ஆரோக்கியமானவர்கள், தொற்று வரும் வாய்ப்பு குறைந்தவர்கள். அடுத்த ஆண்டு சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வேறொரு ஊசியின் பரிசோதனை தொடங்கியது. அதில் 32 பேர்.

சம்மதம் பெறும் வேலையை உண்மையில் கடினமாக்கியது, பரவலாகத் தெரியாத ஒரு விஷயம். எச்.ஐ.வி.க்கு வழக்கமாகச் செய்யும் எலைசா சோதனை பெரும்பாலும் வைரஸைத் தேடுவதில்லை. வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்களைத்தான் தேடுகிறது. தடுப்பூசியின் வேலையே அந்தப் புரதங்களை உண்டாக்குவது. ஆக, ஊசி நன்றாக வேலை செய்தால், நோயே இல்லாதவருக்கும் சோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வரலாம். வளைகுடா வேலைக்கு மருத்துவச் சோதனைக்குப் போகும் ஒருவருக்கு இது என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். வைரஸையே தேடும் பி.சி.ஆர். சோதனை செய்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் விசா மையத்தில் வரிசையில் நிற்கும்போது அதைக் கேட்டு வாங்க எத்தனை பேரால் முடியும்? ஊசி தரும் காய்ச்சல் இரண்டு நாளில் போய்விடும். ஊசி தரும் பெயர் போகாது. இப்படிப்பட்ட சமூக ஆபத்தையும் பக்கவிளைவுப் பட்டியலில் சேர்த்துச் சொன்னால்தான் அது விளக்கம்.

புனேயில் போட்ட ஊசி பாதுகாப்பானதாக இருந்தது. எதிர்ப்புச் சக்தியைப் போதுமான அளவு தூண்டவில்லை. அதைப் பிறகு மேலே கொண்டுபோகவில்லை. எனக்குப் படுகிற முரண் வேறு. ஆலோசனைக் குழு, வெளியாள் தலைமையில் நெறிமுறைக் குழு, பல சுற்று விளக்கம், யோசிக்க அவகாசம் என்று சம்மதத்தின் முழு ஏற்பாடும் நம் நாட்டில் முதலில் சீராகக் கிடைத்தது ஆரோக்கியமான, வேண்டாமென்றால் எழுந்து போகக்கூடிய மனிதர்களுக்குத்தான். எழுந்து போக முடியாதவர்களிடம் நாம் கேட்காமலே எடுத்துக்கொண்டிருந்தோம்.

மொழிச் சிக்கல் தனி. மூலப் படிவம் ஆங்கிலத்தில் எழுதப்படும். மராத்திக்கோ தமிழுக்கோ போகும். பிறகு வேறொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பி, பொருள் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் பொருள் நழுவிவிடுவது உண்டு. ‘பரிசோதனை’ என்று நாம் எழுதுகிறோம்; நோயாளிக்கு அது ரத்தப் பரிசோதனை, சர்க்கரைப் பரிசோதனை. தன்மீது செய்கிற சோதனை என்று அவருக்குத் தோன்றாது. வெள்ளை அங்கி போட்டவர் தருவது சிகிச்சையாகத்தான் இருக்கும் என்று ஆராய்ச்சியையே வைத்தியமாக எடுத்துக்கொள்ளும் மயக்கத்தை அமெரிக்க மனநல மருத்துவர் பால் ஆப்பல்பாம் 1982-ல் தன் சகாக்களோடு எழுதிப் பெயரிட்டார். படித்த அமெரிக்க நோயாளிகளிடமும் அது இருந்தது. நம் ஊரில் “நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி டாக்டர்” என்று சொல்லுமிடத்தில் எவ்வளவு இருக்கும்!

இன்னும் கடினம், யாருக்கு எந்த மருந்து என்பதைக் கணினி குருட்டாம்போக்கில் முடிவு செய்யும் என்று விளக்குவது. குலுக்கல் என்று சொன்னால் சீட்டுக் கம்பெனி நினைவு வரும். பெயர் விழுந்தவருக்குப் பணம், விழாதவருக்கு ஏமாற்றம். ஆனால் இங்கே எது பரிசு என்று குலுக்குகிறவருக்கே தெரியாது. தெரிந்தால் ஆய்வே தேவையில்லை. சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பதைப் போல என்று சொல்லலாமா? கிராமத்தில் சட்டென்று புரியும். ஆனால் பூ போட்டால் விடை சொல்வது சாமி. சாமி கொடுத்த மருந்து தவறாகப் போகாது என்ற நம்பிக்கையும் கூடவே வந்து உட்கார்ந்துவிடும். இதனால்தான் நல்ல ஆய்வுகளில் “புரிந்ததா?” என்று கேட்பதோடு விடுவதில்லை. “நான் சொன்னதை உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க” என்கிறார்கள். முதல் கேள்விக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். இரண்டாவது கேள்வியில், தலையாட்டியவருக்குப் புரியவில்லை என்பதைவிட, சொன்னவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் அடிக்கடி வெளிப்படும்.

இரண்டு பேரின் சம்மதம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட ஆய்வு ஒன்றும் போசரிக்கு வந்தது. எச்.பி.டி.என். 052 என்று பெயர். ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகள். ஒருவருக்குத் தொற்று உண்டு, இணைக்கு இல்லை. இந்தியாவில் புனேயிலும் சென்னையிலும் நடந்தது; சென்னையில் சுனிதி சாலமன் உருவாக்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் பங்கேற்றது. 1986-ல் தொடங்கிய நூல் இங்கே வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். கேள்வி இதுதான்: தொற்றுள்ளவருக்கு உடம்பு தாழும்வரை காத்திராமல் உடனே மருந்து கொடுத்தால், இணைக்குப் பரவாமல் தடுக்க முடியுமா? சிடி4 என்னும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை 350-க்கும் 550-க்கும் இடையில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே மருந்து. மறுபாதிக்கு எண்ணிக்கை 250-க்கு இறங்கினால், அல்லது எய்ட்ஸ் சார்ந்த நோய் வந்தால் மருந்து. அன்றைய இந்திய நடைமுறையில் 200-க்குக் கீழ் போனால்தான் பொதுவாக மருந்து என்பதால், காத்திருந்தவர்களும் அரசு மருத்துவமனையில் கிடைப்பதைவிடக் குறைவாகப் பெறவில்லை. எல்லோருக்கும் ஆணுறையும் ஆலோசனையும் உண்டு.

2015 வரை போக வேண்டிய ஆய்வின் முடிவை 2011 மே மாதமே வெளியிடச் சொன்னது, அதைக் கண்காணித்த தனிக் குழு. இணையிடமிருந்தே தொற்றியது என்று மரபணு ஒப்பீட்டில் உறுதியானவர்கள் 28 பேர். அவர்களில் 27 பேர் காத்திருந்த பிரிவு. உடனே மருந்து தொடங்கிய பிரிவில் ஒருவர். தொற்று 96 சதவீதம் குறைந்தது. எல்லோருக்கும் உடனே மருந்து தர முன்வந்தார்கள். இன்று உலகெங்கும் எச்.ஐ.வி. என்று தெரிந்த அன்றே மாத்திரை தொடங்கும் வழக்கத்துக்கு இந்த எண்கள் பெரிய காரணம்.

அந்த 27 பேரை நான் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டவர்கள்தான். ஆபத்து உண்டு என்று படிவத்தில் இருந்தது. எந்த விதியும் மீறப்படவில்லை. ஆனால் சீக்கிரம் மருந்து தந்தால் பரவல் குறையக்கூடும் என்று காட்டும் தரவுகள் ஆய்வு தொடங்கும் முன்பே இருந்தன. உறுதியான விடைதான் இல்லை. ‘உறுதியாகத் தெரியாது’ என்பதை ஓர் அறிவியலாளர் சொல்லும்போதும், கட்டிலைப் பகிர்ந்துகொள்ளும் கணவனோ மனைவியோ கேட்கும்போதும் அது ஒரே வாக்கியம்தானா?

இன்னொன்றும் உண்டு. இணையர் இருவரும் சேர்ந்து பதிவு செய்ய வேண்டிய ஆய்வு என்பதால், தொற்றை வீட்டில் சொல்ல முடியாதவர்களுக்கு அதில் இடமே இல்லை. உண்மையைச் சொன்னால் வீட்டைவிட்டுத் துரத்தப்படுவோம் என்று பயந்த பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளைக் காப்பதற்காகத்தான் அந்த விதி. ஆனால் அவளைப் போன்றவர்கள் இல்லாமல்தான் நாம் விடை கண்டோம்.

சம்மதம் வெறும் காகிதமாகிவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு 2009-ல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் நடந்த கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசித் திட்டம் போதும். கம்மத்தில் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலர் அதில் இருந்தார்கள். ஆந்திரத்தில் ஆராய்ந்த 9,543 படிவங்களில் 1,948-ல் கைநாட்டு. 2,763-ல் விடுதிக் காப்பாளரின் கையெழுத்து. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதுதான், இன்றும் பரிந்துரைக்கிறார்கள். கேட்ட விதம்தான் கெட்டது. அது தடுப்பூசி மேலேயே சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

அதே 2013-ல், சுவாஸ்திய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சம்மதம் பெறுவதைக் காணொளியாகப் பதியச் சொன்னது. காகிதத்தை நம்ப முடியவில்லை என்றால் கேமரா! 2015 ஜூலையில் விதி திருத்தப்பட்டது: புதிய மருந்துப் பரிசோதனையில் நலிந்த நிலையில் உள்ளவர்களிடம் சம்மதம் பெறும்போது ஒலியும் ஒளியும் பதிய வேண்டும். அதிலேயே ஒரு விலக்கும் வந்தது. எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகள் என்றால் ஒலி மட்டும், முகம் வேண்டாம். 2019-ன் புதிய விதிகளும் அதை அப்படியே வைத்துக்கொண்டன. நம் அரசிதழில் இவ்வளவு மனித வாடை அடிக்கும் வரி அரிது என்று நினைக்கிறேன். யாரோ ஒருவர் கூட்டத்தில் எழுந்து, அந்தக் காணொளி வெளியே போனால் என்ன ஆகும் என்று கேட்டிருக்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் இன்னொரு விதி குறுக்கே வரும். ஆய்வோடு தொடர்பில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர் விளக்கம் முழுவதையும் உடனிருந்து கேட்டுக் கையெழுத்திட வேண்டும். கம்மம் போன்ற இடங்களில் பின்பற்றியிருக்க வேண்டிய விதி. எச்.ஐ.வி. ஆய்விலோ, அந்தச் சாட்சி யார்? அண்ணன் என்றால் வீட்டுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி என்றால் தெருவுக்கே தெரியும். முன்பின் தெரியாதவரைக் கூப்பிட்டாலும், அந்தப் பெண்ணின் ரகசியத்தை அறிந்தவர் ஒருவர் கூடிவிட்டார். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், சம்மதம் இல்லாமல் சோதிப்பதையும் ஆய்வுக்கு உட்படுத்துவதையும், அனுமதியின்றி நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. சட்டம் ஆய்வாளரைக் கட்டுப்படுத்தும். மாமியாரை யார் கட்டுப்படுத்துவது?

அமெரிக்க விதிகளில் இதற்கு ஒரு சன்னல் உண்டு. ஒருவரை ஆய்வோடு இணைக்கும் ஒரே ஆவணம் அந்தச் சம்மதப் படிவம்தான், அது வெளியானால் அவருக்குத் தீங்கு என்ற நிலை இருந்தால், கையெழுத்தே வேண்டாம் என்று நெறிமுறைக் குழு விலக்கு அளிக்கலாம். விளக்க வேண்டும், கேட்க வேண்டும், அவர் சரி என்று சொல்ல வேண்டும்; எழுத்து மட்டும் இருக்காது. ரத்தம் எடுத்து, மருந்து கொடுத்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுக்கு இது பொருந்தாது. அங்கே பெயர் எப்படியும் நாலு பதிவேட்டில் இருக்கும்.

ஆகவே போசரியில் நாம் விட்டுவந்த பெண்ணுக்குக் காகிதம் உண்டு. படிவத்தை மடித்துக் கொடுக்கும் ஊழியர் அனுபவசாலி என்றால், கையெழுத்து வாங்குவதற்கு முன்பே சில கேள்விகளைக் கேட்டு முடித்திருப்பார். போன் பண்ணினால் யார் எடுப்பார்கள்? வீட்டுக்கு யாராவது வரலாமா, வந்தால் எங்கிருந்து வருவதாகச் சொல்ல வேண்டும்? இந்தப் பிரதியை எடுத்துப்போகிறீர்களா, இல்லை உங்கள் பெயரில் இங்கேயே பூட்டி வைக்கட்டுமா? அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இங்கேயே இருக்கட்டும்” என்று மேசைமேல் நகர்த்தி வைக்கிறாள். திரும்பிப் போக பஸ் காசை மட்டும் வாங்கிக்கொள்கிறாள்.